நெவில் சக்டனின் கட்டைவிரல்

கிரிம்ஷா என்கிற பழைய சுரங்க ஊரில், முயல் வேட்டைக்கென்று ஃபெரெட் என்கிற கீரி மாதிரிப் பிராணியை வளர்க்கிற ஆம்பிளைகள் எல்லோருக்கும் வாய் பெரிசு. என் கடுவன் ஒரே காலையில் வேலி முழுக்க முயலைக் கிளப்பிவிட்டது, உன் பெட்டை வளைக்குள் போய்த் தூங்கிவிட்டது என்று மதுக்கடையில் ஒருவனை ஒருவன் வாரிக்கொண்டே இருப்பார்கள். ஒரே ஒரு காரியம் என்று வந்துவிட்டால் மட்டும் அத்தனை வாயும் அடைத்துப்போகும். வயசாகி, நோய் கண்டு, இனி தேறாது என்று ஆகிவிட்ட ஃபெரெட்டை முடித்துவைக்கிற காரியம். முயல் பிடிக்கிற பிராணியை மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது இங்கே வழக்கமில்லை. வளர்த்தவன்தான் தன் கையால் செய்ய வேண்டும், அதுதான் அதற்கு நாம் செய்கிற மரியாதை என்று பேசுவார்கள். பேச்சு என்னவோ நன்றாகத்தான் இருக்கும். செய்ய வேண்டிய நாள் வந்ததும் ஒவ்வொருத்தனும் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெவில் சக்டனின் தோட்டத்துக்கு வந்து நிற்பான்.

நெவில் பதினாறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவன். சுரங்கத்தை இழுத்து மூடியபோது ஊரே இடிந்துபோய் உட்கார்ந்திருக்க, அவன் நகராட்சிக் குப்பை லாரியில் ஏறிவிட்டான். ஆள் வாசற்கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். பேச்சு கம்மி. ஊர் ஓரத்தில் நகராட்சி வாடகைக்கு விட்டிருக்கும் தோட்டத் துண்டுகளில் ஒன்று அவனுடையது. அதில் வெங்காயத்தாள் மாதிரி தடித்து வளர்கிற லீக்கும் உருளைக்கிழங்கும் ஒரு தகரக் கொட்டகையும் ஃபெரெட் கூண்டுகளும் இருந்தன. பெட்டியோடு யார் வந்தாலும், "உள்ள போய் டீ போடு" என்று கொட்டகைக்குள் அனுப்பிவிடுவான். பிராணியைக் கையில் எடுத்து, வயிற்றில் கட்டைவிரலை வைத்து மெல்ல அழுத்திப் பார்ப்பான். கட்டி இருக்கிறதா, எவ்வளவு பெரிது என்று அந்த விரல் சொல்லிவிடும். "ஒண்ணுமில்ல, எடுத்துட்டுப் போ" என்பான். இல்லாவிட்டால், "நேரம் வந்தாச்சுப்பா" என்பான். நேரம் வந்தாச்சு என்றால் டீ கொதிப்பதற்குள் முடிந்திருக்கும்.

அந்தக் கட்டைவிரலை ஊரே நம்பியது. அவனும் நம்பினான், அதுதான் விஷயம். தன் கையில் போன எந்தப் பிராணிக்கும் போவது தெரிந்ததில்லை என்பதில் அவனுக்கு ஒரு பெருமை. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்கு வந்தால் தட்டில் இருப்பதைக் கிளறிக்கொண்டே உட்கார்ந்திருப்பான், ஒரு வாய் இறங்காது. அது அவன் மனைவி மேக்சினுக்கு மட்டும் தெரியும். அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள், தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அவனிடம் இருந்த ஃபெரெட்டுகளில் டப்பென்ஸ் என்கிற பெட்டைதான் செல்லம். செல்லம் என்று அவன் வாயால் சொன்னதில்லை. அடித்துக் கேட்டாலும் சொல்லமாட்டான். ஒரே ஈற்றில் பிறந்ததுகளில் கடைக்குட்டி அவள். "இது ரெண்டு பென்னிகூடப் பெறாது, சும்மா எடுத்துட்டுப் போய்யா" என்று விற்றவனே கையில் திணித்தான். ரெண்டு பென்னியைத்தான் அங்கே டப்பென்ஸ் என்பார்கள், அந்தப் பேரே நிலைத்துவிட்டது. கீரிக்குத் தங்கச்சி மாதிரி நீள உடம்பு, கடுகு நிற மயிர், மூக்கு மட்டும் ரோஸ். முயல் வளைக்குள் விட்டால் எதிர்வாசலில் விரித்த வலையில் முயல் வந்து விழுந்த பிறகுதான் வெளியே வருவாள். வேலை முடிந்ததும் நெவிலின் சட்டைக்குள் புகுந்துகொண்டு தூங்குவாள். மற்ற ஃபெரெட் எல்லாம் பெட்டியில் போகும், இவள் மட்டும் சட்டைக்குள். "அது குளிர் தாங்காது" என்று கேட்காதவர்களுக்கும் காரணம் சொல்வான்.

அந்த வசந்தத்தில் டப்பென்ஸ் பருவத்துக்கு வந்தாள். ஃபெரெட் பெட்டையிடம் ஒரு தொல்லை உண்டு. பருவத்துக்கு வந்தால் கடுவன் சேர்கிறவரை அது தணியாது. அப்படியே விட்டால் ரத்தம் சுண்டி, உயிருக்கே உலை வைத்துவிடும். குட்டி வேண்டாம் என்கிறவர்கள் குடும்பக் கட்டுப்பாடு செய்த கடுவன் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடிப் போவார்கள். கிரிம்ஷாவில் அப்படி ஒன்று லயனல் பின்ஸிடம் இருந்தது. அதன் பேர் மேயர்.

லயனல் பக்கத்துத் தோட்டத்துக்காரன், சுரங்கத்தில் நெவிலோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவன். கல்யாணம் ஆகாதவன், தனிக்கட்டை. அவன் வாயை மூடிப் பார்த்தவர்கள் கிடையாது. அவனிடமும் மேபல் என்று ஒரு பெட்டை இருந்தது. டீவி பார்க்கும்போது அவன் மடியில்தான் படுத்திருக்கும். போன குளிர்காலத்தில் மேபலின் வயிற்றில் கட்டி தட்டுப்பட்டு, நெவில்தான் முடித்துவைத்தான். அதற்குப் பிறகு மேயர் ஒருவன்தான் லயனலுக்குத் துணை.

"தூக்கிட்டு வா உன் மகாராணிய" என்றான் லயனல். "என் மேயர் ஊர்ல இருக்கற எல்லாப் பெட்டைக்கும் சேவை பண்றான், ஒரு குட்டிகூடக் கிடையாது. இவனை மாதிரி ஒருத்தன் நம்ம சின்ன வயசுல இருந்திருந்தா எத்தனை கல்யாணம் தப்பிச்சிருக்கும்!"

"உனக்கென்னடா கல்யாணத்தப் பத்தித் தெரியும்?" என்றான் நெவில்.

"தெரிஞ்சதாலதான பண்ணிக்கல."

மேயர் தன் வேலையைப் பார்த்துவிட்டுப் போனான். கொஞ்ச நாளில் டப்பென்ஸின் வயிறு உப்பத் தொடங்கியது. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. இப்படிச் சேர்த்துவிட்டால் பெட்டை தான் சினையாக இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். வயிறு வைக்கும், கூடு கட்டும், ஆறு வாரத்தில் எல்லாம் தானாக வடிந்துவிடும். பொய்ச்சினை. ஃபெரெட்காரன் எவனுக்கும் இது பழகிய விஷயம். டப்பென்ஸும் நெவிலின் ஒற்றைக் கையுறையைத் திருடிக்கொண்டு போய் வைக்கோலுக்குள் வைத்துக்கொண்டு, கிட்டே வந்தால் சீறினாள்.

ஆறு வாரம் கழிந்தது. வயிறு வடியவில்லை. லயனல் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"டேய் நெவில், எனக்கு ஒரு சந்தேகம்டா. மேயருக்குப் பண்ணின ஆபரேஷன் புட்டுக்கிச்சோ? எவன் கண்டான், உள்ளுக்குள்ள திரும்ப ஒட்டிக்கிச்சோ என்னமோ!"

"உளறாத."

"உளறலடா. வயித்தப் பாரு. நீ தாத்தா ஆகப்போற. நான் சம்பந்தி!"

சிரித்துக்கொண்டே சொன்னாலும் லயனல் அதை நம்பவே தொடங்கிவிட்டான். நெவிலுக்கும் ஒரு ஓரத்தில் ஆசை. குட்டி போடுகிறதற்கென்று பலகை அறுத்து ஒரு பெட்டி செய்தான், மேக்சினின் பழைய ஸ்வெட்டரைக் கிழித்து உள்ளே போட்டான். "அது நான் போட்டுக்கற ஸ்வெட்டர்யா!" என்று அவள் கத்தினாள். குட்டி வரட்டும், புதுசு வாங்கித் தருகிறேன் என்றான். இல்லாத குட்டிகளுக்காக ஒரு தோட்டமே காத்திருந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அத்தனை அனுபவசாலிகள், அத்தனை வருஷம் ஃபெரெட்டோடு புழங்கியவர்கள். பெட்டை என்றால் வயிறு உப்பக் காரணம் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

டப்பென்ஸ் சாப்பாட்டைக் குறைத்தாள். பின்னங்கால்கள் தள்ளாடின. வழக்கமாகக் கூண்டைத் திறந்ததும் முதுகை வளைத்துக்கொண்டு பக்கவாட்டில் குதித்துக் குதித்து ஒரு ஆட்டம் போடுவாள். அந்த ஆட்டம் நின்றுபோனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெவில் அவளை மடியில் மல்லாத்திப் போட்டு, இத்தனை நாளாகச் செய்யாததைச் செய்தான். கட்டைவிரலை வயிற்றில் வைத்தான்.

இடப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே, கெட்டியாக, நீளமாக ஒன்று இருந்தது. அது குட்டி இல்லை. அந்த விரலுக்கு அது என்னவென்று தெரியும். மேபலின் வயிற்றிலும் இதேதான் இருந்தது. இன்னும் எத்தனையோ வயிறுகளில் இதைத் தொட்டிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரே தீர்ப்பைத்தான் சொல்லியிருக்கிறான்.

"என்னடா ஆச்சு?" என்றான் லயனல், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

"கட்டி."

லயனலின் முகம் செத்துப்போனது. வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். "நான் வேணும்னா..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டான். அவனால் ஆகாது என்பது இருவருக்கும் தெரியும்.

"நீ போ. உள்ள போய் டீ போடு" என்றான் நெவில்.

லயனல் கொட்டகைக்குள் போனான். நெவில் டப்பென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனான். வழக்கமான இடம்தான், வழக்கமான கைதான். அவள் கொட்டாவி விட்டாள். ரோஸ் மூக்கை அவன் உள்ளங்கையில் தேய்த்துவிட்டு, சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே தலையை நுழைத்து உள்ளே போகப் பார்த்தாள். வயிறு பெருத்துவிட்டதால் பாதியில் மாட்டிக்கொண்டு, பின்னங்கால்களை உதறினாள். அவன் ஒரு பொத்தானைக் கழற்றி வழிவிட்டான்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தக் கை எதுவும் செய்யவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டான். கொட்டகைக்குள் டீ கொதித்து, ஆறி, மறுபடியும் கொதித்தது. லயனல் வெளியே வந்து பார்த்தபோது நெவில் சட்டைக்கு மேலாக வயிற்றைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். லயனல் பார்க்காத மாதிரி உள்ளே திரும்பிப் போய்விட்டான்.

நெவில் வீட்டுக்குள் நுழைந்தபோது சட்டை முன்பக்கம் உப்பி, நெளிந்துகொண்டிருந்தது. மேக்சின் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து மிருக டாக்டரின் நம்பரைத் தேடினாள்.

"மேக்சின், வேண்டாம். ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"முயல் பிடிக்கற பிராணி அது. நாய்க்குட்டி இல்ல, ரிப்பன் கட்டித் தூக்கிட்டுப் போறதுக்கு."

"ஊருக்கெல்லாம் செஞ்ச, இவளுக்கு முடியல. அப்ப இவ முயல் பிடிக்கற பிராணி மட்டும் இல்ல. வாய மூடிட்டு வண்டிச் சாவிய எடு."

டாக்டர் ஒரு சின்னப் பெண், இவோனா என்று பேர், போலந்துக்காரி. நெவில் எல்லாப் பெண்களையும் கூப்பிடுகிற மாதிரியே அவளையும் "கண்ணு" என்றான். கிரிம்ஷாவில் எவனுக்கும் வேறு மாதிரி கூப்பிடத் தெரியாது. அவளும் அதற்குப் பழகியிருந்தாள். டப்பென்ஸை மேசையில் வைத்துத் தடவிப் பார்த்தாள், ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள்.

"மண்ணீரல் மாதிரி தெரியுது, மிஸ்டர் சக்டன். ரொம்பப் பெரிசாயிருக்கு. ஆனா புத்துநோயா, வெறும் வீக்கமா, பக்கத்துல வேற ஏதாவது இருக்கானு வெளியிலேர்ந்து சொல்ல முடியாது. திறந்துதான் பார்க்கணும்."

"எனக்குத் தெரியும் கண்ணு, அது கட்டி. என் விரலுக்குத் தெரியும்."

"உங்க விரலுக்கு இடம் தெரியும். அது என்னன்னு என் விரலுக்கும் தெரியாது."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. ஆனாலும் நெவிலுக்குச் சுருக்கென்றது.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள் அவள். "திறந்து பார்க்கும்போது உள்ள எல்லா இடத்துலயும் பரவியிருந்தா, மயக்கத்துலயே விட்டுடலாமா? எழுப்ப வேண்டாம்ல?"

மேக்சின் புருஷனைப் பார்த்தாள். எத்தனையோ பேருக்கு யோசிக்காமல் பதில் சொன்னவன் சுவரில் ஒட்டியிருந்த பூனைப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்படின்னா என்னைக் கூப்பிடு. நான் வெளியில வண்டியில இருப்பேன். நான் கையை வெச்சிருக்கும்போதுதான் அவ போகணும்."

"கூப்பிடறேன்."

மறுநாள் ஆபரேஷன். லாரிக்கு லீவு போட்டான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவன். ஆஸ்பத்திரி வாசலில் வேனுக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேக்சின் கொண்டுவந்த ரொட்டி அப்படியே இருந்தது. மழை வந்து கண்ணாடியை மூடியது. நெவில் துடைப்பானைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன் வந்தா என்னடி பண்றது?" என்றான்.

"எடுக்கறது."

"வந்துச்சுன்னா அவ்வளவுதான் மேக்சின். நல்ல செய்தின்னா எதுக்கு அவசரமாக் கூப்பிடப்போறா?"

அவன் வாயை மூடுவதற்குள் போன் அடித்தது. மேக்சின்தான் எடுத்தாள். "வரச் சொல்றாங்க" என்றாள். நெவில் வண்டிக் கதவைச் சாத்தாமலே இறங்கி ஓடினான். கைகளைக் கழுவச் சொன்னார்கள். சோப்பு வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியாகத் தொடப்போகிறோம் என்றே மனசைக் கல்லாக்கிக்கொண்டு உள்ளே போனான்.

இவோனா ஒரு எஃகுத் தட்டை நீட்டினாள். அதில் கருஞ்சிவப்பாக, கத்தரிக்காய் நீளத்துக்கு ஒன்று கிடந்தது.

"இதுதான் உங்க கட்டி. மண்ணீரல். முழுசா எடுத்தாச்சு. நான் பார்த்த வரைக்கும் மத்த இடமெல்லாம் சுத்தமா இருக்கு. பரிசோதனைக்கு அனுப்பறேன், ஆனா புத்து மாதிரி எனக்குத் தோணல."

"அவ?"

"தூங்கறா. நீங்க கவலையா வெளியில உட்கார்ந்திருப்பீங்கன்னுதான் கூப்பிட்டேன்."

"அடிப்பாவி!" என்றான் நெவில், உள்ளிருந்து வெடித்த குரலில். "என் உயிரே போயிடுச்சு கண்ணு!"

மேக்சின் அழுகையும் சிரிப்புமாக அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். இவோனாவும் சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றினாள். கழற்றிக்கொண்டே, பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்:

"வயசான ஃபெரெட்டுகளுக்கு இது சகஜம், மிஸ்டர் சக்டன். சிலது புத்தாத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனா நிறைய இப்படித்தான், வெறும் வீக்கம். தடவிப் பார்த்துட்டுக் கட்டின்னு பயந்து, பாவம், எத்தனையோ பேர் முடிச்சுடறாங்க. எடுத்துட்டா நல்லா இருக்குதுங்க."

மேக்சினின் சிரிப்பு நின்றது. நெவில் தட்டில் கிடந்ததைப் பார்த்தான். பிறகு தன் வலது கையைப் பார்த்து, அதைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

டப்பென்ஸ் சமையலறையில் படுக்கை போட்டுக்கொண்டாள். வயிற்றில் மயிர் மழித்து, நெடுக்கத் தையல். நெவில் முயல் இறைச்சியைக் கூழாக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டான். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வைத்தான். "வீடே நாறுது" என்று மேக்சின் ஜன்னலைத் திறப்பாள், "அவளுக்குக் குளிரும்" என்று அவன் மூடுவான். பரிசோதனை முடிவு வந்தது, புத்து இல்லை. தையல் பிரித்த வாரம் அவள் மேக்சினின் செருப்பை இழுத்துக்கொண்டு அடுப்புக்கு அடியில் ஒளிந்தாள். முதுகை வளைத்துக்கொண்டு பழைய ஆட்டத்தைப் போட்டாள். அதைப் பார்த்து மேக்சின் கைதட்டினாள். நெவிலும் சிரித்தான். சிரித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றான்.

"அதையே நினைச்சிட்டிருக்கியா?" என்றாள் மேக்சின்.

"எத்தனை பேரு மேக்சின்? கேட்டவன் எல்லாருக்கும் செஞ்சேன். அதுல எத்தனை இப்படி?"

"உனக்கு என்ன தெரியும்? யாருக்குத்தான் தெரியும்? வேதனைப்படக்கூடாதுன்னுதான செஞ்ச."

"லயனல்கிட்ட சொல்லணும்."

"சொல்லாத." அவள் குரல் கெஞ்சியது. "மேபல் போய் நிம்மதியா இருக்கா. அவனும் ஒரு மாதிரி தேறிட்டான். சொல்லி என்ன ஆகப்போகுது? உன் பாரத்த எறக்கி அவன் தலைல வைக்கப்போறியா?"

அது நியாயமாகத்தான் பட்டது. நெவில் சொல்லவில்லை. உள்ளே இருந்தது என்ன, கட்டிதானா என்று லயனல் கேட்டபோது, "என்னமோ ஒரு வீக்கம்" என்று மழுப்பினான். லயனல் டப்பென்ஸின் தையல் தழும்பைத் தடவிப் பார்த்து, "ராணுவத்துல இருந்து வந்தவ மாதிரி இருக்காடா" என்று ஊரெல்லாம் பெருமையடித்தான். மதுக்கடையில் யாரோ மிருக டாக்டர் கதையை எடுத்துக் கிண்டல் செய்ததற்கு லயனல்தான் சண்டைக்குப் போனான். நெவில் அவன் கண்ணைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டான்.

இலையுதிர்காலத்தில், லீக் பிடுங்குகிற சமயத்தில், ஒரு காலை லயனல் பெட்டியோடு வந்தான். பெட்டியை மேசைமேல் வைத்தான். உள்ளே மேயர் சுருண்டு படுத்திருந்தான்.

"ஒரு வாரமா தின்னலடா. பின்னங்கால் இழுக்குது. தடவிப் பார்த்தேன், மேபலுக்கு இருந்த மாதிரியே இருக்கு." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நான் டீ போடறேன். நீ செஞ்சுடு."

நெவில் மேயரைத் தூக்கினான். விரலை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வைத்தான். இடப்பக்கம், கெட்டியாக, நீளமாக.

"டாக்டரம்மாகிட்ட கொண்டுபோவோம் லயனல்."

"வேண்டாம்."

"டப்பென்ஸுக்குப் பண்ணினாங்கல்ல."

"அவ இவனவிடச் சின்னவ, தாங்குவா. இவன் கிழவன்டா, அறுத்துக் கிறுத்து இம்சை பண்ணிக்கிட்டு! மேபலுக்கு நீதான சொன்ன, இதுக்கு மேல வெச்சிருந்தா பாவம், இதுதான் நாம செய்யற நல்லதுன்னு. நான் கேட்டுக்கிட்டேன்ல? மேபலுக்குச் சரின்னா இவனுக்கும் சரிதான்." கொட்டகையைப் பார்த்துத் திரும்பினான். "சீக்கிரம் முடி. எனக்கு மனசு தாங்கல."

சொல்லாமல் இதைத் தடுக்க முடியுமா என்று நெவில் யோசித்தான். வழியே இல்லை. மேபலைப் பற்றித் தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் லயனல் நிற்கிறான். அது பொய்த்தால்தான் மேயர் பிழைப்பான்.

"லயனல், நில்லு. மேபலுக்கு நான் சொன்னது தப்பு."

லயனல் நின்றான்.

"டப்பென்ஸுக்கு இருந்தது மண்ணீரல். வெறும் வீக்கம். எடுத்தா சரியாயிடும்னு டாக்டர் சொன்னா, எடுத்தாங்க, சரியாயிடுச்சு. மேபலுக்கும் இதே இடம்தான், இதே மாதிரிதான் இருந்துச்சு. புத்தா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாதுடா. அன்னைக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

மழைத்தண்ணீர் பீப்பாயில் சொட்டிக்கொண்டிருந்தது. லயனல் அடிப்பான் என்று நெவில் நினைத்தான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று, மேயரை ஒரு கையில் அணைத்தபடி மற்றக் கையைக் கீழே விட்டுக்கொண்டு நின்றான். லயனல் அடிக்கவில்லை. கிட்டே வந்து நெவிலின் கையிலிருந்து மேயரைப் பிடுங்காத குறையாக வாங்கி, பெட்டிக்குள் வைத்து மூடினான்.

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"டப்பென்ஸுக்கு அறுத்த நாள்லேர்ந்து."

"வண்டிய எடு" என்றான் லயனல்.

வழி முழுக்க அவன் பேசவில்லை. லயனல் பின்ஸ் பேசாமல் இருந்து நெவில் பார்த்ததே இல்லை. சுரங்கத்தில் கூரை சரிந்து அரைநாள் இருட்டில் மாட்டிக்கொண்டபோதும் தொணதொணவென்று பேசிக்கொண்டிருந்தவன். பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் நெவிலும் இறங்கப்போனான்.

"நீ உள்ள வராத."

நெவில் வண்டியிலேயே உட்கார்ந்தான். ஆட்கள் நாயோடும் பூனையோடும் போனார்கள், வந்தார்கள். ரொம்ப நேரம் கழித்து லயனல் வெறுங்கையோடு வெளியே வந்தான்.

லயனல் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். "உள்ள வெச்சுக்கிட்டாங்க. நாளைக்கு அறுக்கறாங்களாம். கிழவனா இருந்தாலும் நெஞ்சு பலமா இருக்காம், தாங்குவான்னு சொல்றா அந்தப் பொண்ணு."

"நல்லதுடா" என்றான் நெவில்.

வண்டி கிளம்பியது. ஊர் எல்லை வந்து, பழைய சுரங்க வாசல் தாண்டி, தோட்டத்துக்குத் திரும்புகிற முக்கு வரைக்கும் லயனல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஏதோ வானிலையைச் சொல்கிற மாதிரி, திரும்பாமலே சொன்னான்:

"உன்கிட்ட தூக்கிட்டு வந்த அன்னைக்குக் காலைல மேபல் முட்டை சாப்பிட்டா, நெவில். முழு முட்டை. தட்டக்கூட நக்கி வெச்சா. உன்கிட்ட சொல்லலாமான்னு நினைச்சேன். அப்புறம், உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."